திரையைப் பார்த்து வாசித்தவர்கள்

கோடம்பாக்கத்தில் ‘ஆர்.ஆர்.’ என்றால் என்னவென்று கேட்பவர் ஊருக்குப் புதியவர். ரீரெக்கார்டிங் என்பதன் சுருக்கம் அது. பத்திரிகைத் தமிழில் பின்னணி இசை. படப்பிடிப்பு, எடிட்டிங், டப்பிங் எல்லாம் முடிந்து, ரிலீஸ் தேதியும் போஸ்டரில் ஏறிய பிறகு, ‘ஆர்.ஆர். மட்டும்தான் பாக்கி’ என்று தயாரிப்பு நிர்வாகி சொல்லும்போது அந்தக் குரலில் பாதி நிம்மதியும் பாதி பதற்றமும் இருக்கும். பணமும் நாளும் கிட்டத்தட்டத் தீர்ந்துபோன நேரத்தில் வரும் வேலை அது.

பெயரே கொஞ்சம் இடம் மாறி வந்து உட்கார்ந்ததுதான். ஹாலிவுட்டில் ரீரெக்கார்டிங் என்றால், தனித்தனியாகப் பதிவான வசனத்தையும் இசையையும் சத்தங்களையும் சரியான அளவில் கலந்து மறுபடி ஒன்றாகப் பதிவு செய்வது. நாம் மிக்ஸிங் என்கிறோமே, அது. சென்னை ஸ்டுடியோக்களில் திரை, புரொஜெக்டர், மைக் எல்லாம் இருந்த கூடத்துக்கு ரீரெக்கார்டிங் தியேட்டர் என்று பெயர். அங்கே நடந்த வேலைகளில் ஆரவாரமானது இசைதான். பெயரும் அதன் மேலேயே ஒட்டிக்கொண்டது.

தமிழ்ச் சொல்லிலும் ஒரு வேடிக்கை உண்டு. நடிகருக்காகத் திரைக்குப் பின்னால் பாடுபவரும் பின்னணி. காட்சிக்குப் பின்னால் ஒலிக்கும் இசையும் பின்னணி. முதல் பின்னணிக்கு இசைத்தட்டு, வானொலி, மேடைக் கச்சேரி, ரசிகர் கூட்டம் எல்லாம் கிடைத்தன. இரண்டாவது பின்னணி படப்பெட்டியோடு ஊர் ஊராகப் போய், பெட்டியோடு திரும்பி வந்தது.

1980களின் ஆர்.ஆர். தியேட்டர் ஒன்றின் காலை நேரத்தை நினைத்துப் பார்க்கலாம். 35 மி.மீ. பிலிமில் 1,000 அடி கொண்டது ஒரு ரீல். நொடிக்கு 24 பிரேம் வீதம் ஓடினால் நிமிடத்துக்கு 90 அடி. ஒரு ரீல் சுமார் 11 நிமிடம். இரண்டரை மணி நேரப் படம் என்றால் பதினான்கு ரீல் வரும். படம் ஒரு சுருளிலும் ஒலி இன்னொரு சுருளிலுமாக இருக்கும் ‘டபுள் பாசிட்டிவ்’ வந்து சேரும். விளக்கு அணையும். வசனம் மட்டும் கேட்கும். மற்றதெல்லாம் மொட்டையாக இருக்கும். கதாநாயகி அழுவாள், யாருக்கும் தொண்டை அடைக்காது. வில்லன் கதவைத் திறப்பான், யாருக்கும் பயம் வராது. மகன் வீடு திரும்பும் காட்சி பஸ் ஸ்டாண்டில் யாரோ யாரையோ பார்த்த மாதிரி இருக்கும்.

இசையமைப்பாளர் ரீலைப் பார்த்து, எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்வார். நொடிக் கணக்குக்கு ஸ்டாப்வாட்ச். பிறகு நோட்ஸ். வயலினுக்கு, செல்லோவுக்கு, புல்லாங்குழலுக்கு என்று உதவியாளர்கள் பிரித்து எழுதிக் கொடுப்பார்கள். ஒரு ஒத்திகை. மறுபடி விளக்கு அணையும். நோட்ஸ் ஸ்டாண்டுகளில் மட்டும் சின்ன வெளிச்சம். ஒரு கண் திரையிலும் ஒரு கண் வாத்தியக்காரர்களிடமுமாகக் கண்டக்டர் கையை உயர்த்துவார். ஒரு வயலின் சுருதி பிசகினாலும், கதவு திறந்த பிறகு தபேலா அரை நொடி பிந்தினாலும் திரும்ப முதலிலிருந்து. இப்படியே ரீல் ரீலாக நாள் நகரும்.

திரையில் நடப்பதைப் பார்த்தபடி, அதற்கு ஏற்ப வாசிப்பது. இந்த வேலையைத் தமிழ்நாட்டுக்குச் சினிமா கொண்டுவரவில்லை.

தெருக்கூத்தில் ஆடுகளத்தின் பின்புறம் மேளக்காரரும் முகவீணைக்காரரும் பின்பாட்டுக்காரர்களும் உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு பேர் பிடித்த துணித்திரைக்குப் பின்னாலிருந்து துரியோதனன் வெளிவருவதற்கு முன்பே அடி வேகமெடுக்கும். வரப்போகிறவன் எப்படிப்பட்டவன் என்று காது முந்திக்கொண்டு தெரிந்துகொள்ளும். மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்து ஸ்பெஷல் நாடகத்தில் ஆர்மோனியம், மிருதங்கத்தோடு ‘ஆல்ரவுண்ட்’ என்று ஒருவர் இருப்பார். டிரம், சிம்பல் இன்னும் சில சில்லறைத் தட்டுச் சாமான்களோடு மேடை ஓரத்தில் அவர் இடம். பபூன் தடுக்கி விழுந்தால் சிம்பலில் ஓர் அடி. டான்ஸ்காரி சட்டென்று திரும்பினால் டிரம்மில் ஒரு தட்டு. அடி தப்பினால் சிரிப்பும் தப்பிவிடும். அதனால் அவர் கை வாத்தியத்தில் இருந்தாலும் கண் ஆட்டக்காரரின் காலில்தான் இருக்கும்.

மௌனப்படக் காலத்தில் இந்த ஆட்களும் இந்தப் பழக்கமும்தான் கொட்டகைக்குள் நுழைந்தன. ஐரோப்பாவில் 1908-லேயே பிரெஞ்சு இசைமேதை சேன் சான்ஸ் ஒரு மௌனப்படத்துக்கென்று தனியாக இசை எழுதிவிட்டார். சென்னையில் அப்படி எழுதிவைத்த இசை வருவதற்கு வெகுநாள் இருந்தது. மவுண்ட் ரோடு வட்டாரத்தில் ஆங்கிலேயர்கள் வந்துபோன அரங்குகளில் பியானோ; மற்ற கொட்டகைகளில் திரைக்குப் பக்கத்தில் ஓர் ஆர்மோனியமும் தபேலாவும். ரகுபதி வெங்கையா 1914-இல் கெயிட்டி தியேட்டரைக் கட்டிய காலத்திலும், நடராஜ முதலியார் ‘கீசக வத’த்தை எடுத்த காலத்திலும் படத்துக்கு ஒலியில்லை, ஆனால் கொட்டகை ஒருபோதும் மௌனமாக இருந்ததில்லை. குதிரை ஓடினால் தபேலா ஓடும். சண்டை வந்தால் டிரம் முழங்கும். ஒரே படம் கோயம்புத்தூரில் ஒரு மாதிரியும் திருச்சியில் இன்னொரு மாதிரியும் கேட்டது. எந்த ஊரில் யார் உட்கார்ந்து வாசிக்கிறார் என்பதைப் பொறுத்து ஒரு காட்சி உருக்கமாகவோ சாதாரணமாகவோ போய்விடும்.

1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் ‘காளிதாஸ்’ வெளியானது. பேசும்படம் வந்ததும் திரையோர வாத்தியக்காரருக்கு வேலை போனது. அவருடைய இடத்தைப் பிடித்தது பாட்டு. படத்துக்கு நாற்பது, ஐம்பது பாட்டு. நடிகர் பாடுவதும் படம் பிடிப்பதும் ஒரே நேரத்தில் நடந்தாக வேண்டியிருந்ததால் வாத்தியக்காரர்களைக் காமிராவின் கண்ணில் படாமல் ஒளித்துவைத்தார்கள். மரத்துக்குப் பின்னால் ஆர்மோனியம், புதருக்குப் பின்னால் பிடில், காதல் ஜோடி நடந்தால் கூடவே நகரும் தபேலா. அந்தக் காலக் கலைஞர்களின் நினைவுக் குறிப்புகளில் இது சிரிப்பும் அலுப்புமாக வந்துகொண்டே இருக்கும். 1938-இல் ஏ.வி. மெய்யப்பனின் ‘நந்தகுமார்’ படத்தில் நடிகைக்காக லலிதா வெங்கட்ராமன் பாடினார். ஒலியைத் தனியாகப் பதிந்து படத்தோடு சேர்க்கலாம் என்ற வழி தமிழில் அப்படித் திறந்தது. பாட்டுக்காகத் திறந்த வழி அது. பின்னணி இசையும் அதே வழியில் ஓசைப்படாமல் உள்ளே வந்தது.

அந்த நாட்களில் ஜெமினி, ஏவி.எம்., சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் போன்ற பெரிய ஸ்டுடியோக்கள் வாத்தியக்காரர்களைச் சம்பளத்துக்கு வைத்திருந்தன. தச்சர், தையல்காரர், மேக்கப்காரர் மாதிரி இசைக்குழுவும் ஸ்டுடியோவின் சொத்து. ஜெமினியின் ‘சந்திரலேகா’வில் (1948) எஸ். ராஜேஸ்வர ராவின் பெயரோடு எம்.டி. பார்த்தசாரதியின் பெயரையும் பார்க்கலாம். முரசு நடனத்தைப் பற்றி எழுதாதவர் இல்லை. முரசுகளுக்குள்ளிருந்து வீரர்கள் குதிப்பதற்கு முன்னால் சிறுகச் சிறுக ஏறும் அந்தத் தாளம் இல்லாவிட்டால், அத்தனை பணம் கொட்டிய காட்சியும் பள்ளி ஆண்டுவிழா அணிவகுப்பாகத்தான் இருந்திருக்கும்.

பின்னணி இசை தன் காலில் நிற்குமா என்ற கேள்விக்கு முதலில் பதில் சொல்லிப் பார்த்தவர் ஒரு வீணை வித்வான். எஸ். பாலசந்தர் இயக்கி ஏவி.எம். தயாரித்த ‘அந்த நாள்’ 1954 ஏப்ரலில் வந்தது. பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை. துப்பாக்கி வெடிக்கிறது, சிவாஜி கணேசன் தள்ளாடி விழுகிறார், யார் சுட்டது என்று ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். குரோசாவாவின் ‘ரஷோமான்’ பார்த்த பாதிப்பில் பிறந்த படம். படத்துக்கு இசையமைப்பாளர் என்று ஒருவர் பெயர் கிடையாது. வாசித்தது ஏவி.எம்.மின் சரஸ்வதி ஸ்டோர்ஸ் ஆர்கெஸ்ட்ரா. இதில் ஒரு முரண் ஒளிந்திருக்கிறது. சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்பது மெய்யப்பனின் கிராமபோன் இசைத்தட்டு வியாபாரத்தின் பெயர். பாட்டை விற்றுப் பெயர்பெற்ற கடையின் பெயரைத் தாங்கிய குழு, விற்பதற்கு ஒரு பாட்டுகூட இல்லாத படத்துக்கு வாசித்தது.

அந்தப் படம் அப்போது வசூலில் வெல்லவில்லை. ஆனால் இசை வல்லுநர் ஒருவரே இயக்குநராக இருந்ததால், எங்கே இசை வேண்டாம் என்ற தெளிவும் படத்தில் இருந்தது. விசாரணைக் காட்சிகளில் பேச்சுக்குப் பேச்சு வரும் சின்ன மௌனங்கள் அன்றைய படங்களில் அரிது. பாலசந்தர் பின்னர் ‘பொம்மை’ (1964), ‘நடு இரவில்’ (1970) ஆகியவற்றையும் எடுத்து, திகிலுக்குக் காதுதான் வாசல் என்பதைக் காட்டினார். சஸ்பென்ஸ் படங்கள் தனி வகையாக வளர்ந்தபோது, ‘அதே கண்கள்’ (1967) போன்றவற்றுக்கு இசையமைத்த வேதாவும் அந்த வாசலைத்தான் தட்டினார்.

மற்றபடி ஐம்பதுகளும் அறுபதுகளும் பாட்டின் காலம். விசுவநாதன்-ராமமூர்த்தி இரட்டையர் ‘பணம்’ (1952) தொடங்கி ‘ஆயிரத்தில் ஒருவன்’ (1965) வரை சேர்ந்து செய்த படங்களைப் பாட்டுகளைக் கொண்டே நினைவில் வைத்திருக்கிறோம். இசைத்தட்டில் வருவது பாட்டு. வானொலியில் வருவது பாட்டு. விநியோகஸ்தர் முதலில் கேட்பதும் பாட்டு. மெட்டமைப்பு, பாடல் பதிவு என்று ஓடிய இசையமைப்பாளர்கள் பல படங்களில் பின்னணிக் கோர்வையை உதவியாளர்களின் கையில் விட்டார்கள். மேற்கத்திய நோட்டேஷன் எழுதத் தெரிந்த அந்த உதவியாளர்களும், ஆங்கிலோ இந்திய, கோவா, தமிழ்க் கிறிஸ்தவ வாத்தியக்காரர்களும், கர்நாடக சங்கீதக் குடும்பத்துப் பிள்ளைகளும் ஒரே கூடத்தில் உட்கார்ந்தார்கள். தேவாலயத்தில் வயலின் கற்றவரும் சபாவில் வயலின் கற்றவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. கால்ஷீட் கணக்கில் கூலி. அந்தக் கூலியை ஒழுங்குபடுத்தவும் கையோடு வாங்கித் தரவும் சங்கம் கட்டியவர்களில் முன்நின்றவர் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன்.

அந்தப் பாட்டு வெள்ளத்துக்கு நடுவே ஜெயகாந்தன் 1965-இல் ‘உன்னைப்போல் ஒருவன்’ எடுத்தார். அதிலும் பாட்டில்லை. இசை, வீணை சிட்டிபாபு. தமிழில் பாட்டில்லாப் படம் எடுக்கத் துணிந்தவர்கள் மறுபடியும் வீணையின் பக்கம் போய் நின்றது விசித்திரமான தற்செயல்.

படம் பெட்டிக்குத் திரும்பிய பிறகும் பின்னணி இசையைத் தமிழர்கள் கேட்க ஒரு வழி இருந்தது. அகில இந்திய வானொலியின் ‘ஒலிச்சித்திரம்’. ஒரு முழுப் படத்தின் ஒலியை ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கிப் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்குப் பிறகு வானொலிப் பெட்டியைச் சுற்றி வீடே உட்காரும். திரை கிடையாது. கதவு கிறீச்சிடுவதும் வயலின்கள் நடுங்குவதும்தான் காட்சி. டீக்கடைகளில் கதை வசன இசைத்தட்டுகளும், பிறகு கேசட்டுகளும் ஓடின. 1984-இல் வந்த ‘விதி’யின் நீதிமன்ற வசனம் தெருத்தெருவாக ஒலித்தது. வசனத்துக்காக வாங்கிய அந்த நாடாக்களில் வசனத்துக்கு அடியில் ஓடிய இசையும் இலவசமாக வந்து சேர்ந்தது. படத்தைப் பார்க்காமலே படத்தின் இசையைக் கேட்டுப் பழகிய ஒரு தலைமுறை இப்படி உருவானது.

அந்தத் தலைமுறையின் காதுக்குத்தான் இளையராஜா வந்து சேர்ந்தார்.

1976-இல் ‘அன்னக்கிளி’ வெளியானபோது ஊரெல்லாம் பேசியது அதன் பாட்டுகளை. ஆனால் பண்ணைபுரத்திலிருந்து வந்து, தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்று, ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக உழைத்தவர் அவர். ஆர்.ஆர். தியேட்டரில் உதவியாளர்களும் வாத்தியக்காரர்களும் செய்த வேலையை உள்ளேயிருந்து பார்த்தவர். இசையமைப்பாளரான பிறகு அந்த வேலையைப் பிறர் கையில் விடவில்லை. ரீலைப் பார்த்ததும் வாத்தியம் எதையும் தொடாமல், மெட்டு தேடாமல், நேரே நோட்ஸ் எழுதத் தொடங்குவது அவருடைய பழக்கம் என்பதை அவரோடு வேலை செய்த இயக்குநர்கள் பலரும் சொல்லியிருக்கிறார்கள். முழுப் படத்துக்கான பின்னணி இசையும் சில நாட்களில் முடிந்துவிடும். எண்பதுகளில் வருடத்துக்கு நாற்பது, ஐம்பது படங்களுக்கு இசையமைத்தவருக்கு வேறு வழியும் இல்லை.

வேகத்தைவிடப் பெரிய மாற்றம், இயக்குநர்கள் இந்த இசையை நம்பிக் காட்சி எடுக்கத் தொடங்கியது. வசனகர்த்தாவாகப் பேர் வாங்கிய மகேந்திரன் ‘முள்ளும் மலரும்’ (1978) எடுத்தபோது, வசனம் இவ்வளவு குறைவாக இருக்கிறதே என்று தயாரிப்பாளர் வேணு செட்டியார் நொந்துபோனதை மகேந்திரனே எழுதியிருக்கிறார். வசனம் போன இடத்தில் பார்வைகளும் மலைக்காற்றும் இசையும் இருந்தன. அடுத்த ஆண்டு ‘உதிரிப்பூக்கள்’. ஒருவர் மனதில் என்ன ஓடுகிறது என்பதைப் பக்கத்தில் நிற்பவரிடம் வாய்விட்டுச் சொல்லவைத்துக்கொண்டிருந்த தமிழ்ப் படம், அந்தப் பொறுப்பை வயலினிடமும் புல்லாங்குழலிடமும் ஒப்படைக்கப் பழகியது. பாலு மகேந்திரா, பாரதிராஜா, மணிரத்னம் ஆகியோரின் படங்களும் இந்த நம்பிக்கையின் மேல் நிற்பவைதான்.

இசை ஒரு காட்சியை எப்படி மாற்றுகிறது என்பதற்கு ‘நாயகன்’ (1987) எளிதான பாடம். தொடக்கத்தில் ஒரு சிறுவனின் துயரத்தோடு வரும் மெட்டு, அவன் வளர்ந்து, ஊரே அஞ்சும் மனிதனாகி, கிழவனாகி நிற்கும் வரை வேறுவேறு உருவில் திரும்பி வருகிறது. வேலு நாயக்கரின் கையில் ரத்தம் இருக்கிறது என்று பார்வையாளருக்கு நன்றாகவே தெரியும். அந்த மெட்டு வரும்போது மட்டும் பழைய அனாதைப் பிள்ளை கண்முன் வந்து நிற்கிறான். தீர்ப்புச் சொல்ல வாய் வருவதில்லை. முந்தைய ஆண்டு வந்த ‘மௌன ராகம்’ படத்தின் கருவியிசை, செல்போன் வந்த பிறகு ரிங்டோனாக மறுபிறவி எடுத்தது. பாட்டில்லாத மெட்டை ஜனங்கள் முணுமுணுப்பது அதற்கு முன் அவ்வளவாக நடந்ததில்லை.

சிறந்த ஆர்.ஆர். என்பது எப்போதும் ஆர்.ஆர். தியேட்டரில்தான் பிறந்தது என்றும் சொல்லிவிட முடியாது. வீடு கட்டப் போராடும் ஒரு நடுத்தரக் குடும்பத்தைப் பற்றிய ‘வீடு’ (1988) படத்துக்கு, இரண்டு ஆண்டுகளுக்கு முன் வெளியான ‘ஹவ் டு நேம் இட்’ என்ற இளையராஜாவின் தனி இசைத்தொகுப்பிலிருந்து எடுத்துப் பயன்படுத்தினார் பாலு மகேந்திரா. தியாகராஜருக்கும் மேற்கத்திய இசைமேதை பாக்குக்கும் வணக்கம் சொல்லும் வயலின் இசை, செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் அலையும் மனிதர்களோடு அப்படிப் பொருந்தியது. அதே காலத்தில் எல். வைத்தியநாதன் ‘பேசும் படம்’ (1987) என்ற வசனமே இல்லாத படத்துக்கு இசையமைத்தார். சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கிய அந்தப் படத்தில் கமல்ஹாசன் வாயே திறக்கமாட்டார். ஊர்ச் சத்தங்களும் வைத்தியநாதனின் இசையும் மட்டும்தான் பேசும். தொலைக்காட்சியில் ‘மால்குடி டேஸ்’ தொடரின் முகப்பிசையும் அவருடையதே. ஆர்.கே. நாராயணைப் படித்திராத பிள்ளைகளும் அந்த இசை கேட்டால் டி.வி. முன்னால் வந்து உட்கார்ந்தார்கள்.

அதற்குள் கூடத்துக்குள் வேறொரு விருந்தாளி வந்துவிட்டார். 1986-இல் ‘புன்னகை மன்னன்’ படத்துக்கு இளையராஜா யமஹா கணினி ஒன்றைப் பயன்படுத்தினார். அவருடைய குழுவில் கீபோர்டு வாசித்த திலீப் என்ற இளைஞர் கோடம்பாக்கத்தில் தன் வீட்டுப் பின்புறத்தில் ஸ்டுடியோ ஒன்றை அமைத்து, 1992-இல் ‘ரோஜா’வோடு ஏ.ஆர். ரகுமானாக வெளிவந்தார். பல தடங்களில் தனித்தனியாகப் பதிவு செய்யும் முறை ஊன்றியது. ஐம்பது பேர் ஒரே நேரத்தில் ஒரே கூடத்தில் உட்கார வேண்டிய தேவை போயிற்று. புல்லாங்குழல்காரர் ராத்திரி பதினோரு மணிக்குத் தனியாக வந்து வாசித்துவிட்டுப் போகலாம். வயலின்கள் நாளை காலை வரலாம். 2009-இல் ‘ஸ்லம்டாக் மில்லியனேர்’ படத்துக்காக ரகுமான் பெற்ற இரண்டு ஆஸ்கர்களில் ஒன்று பின்னணி இசைக்கானது.

தியேட்டர்களும் மாறின. பாட்டே இல்லாத ‘குருதிப்புனல்’ (1995) டால்பி ஒலியோடு வந்தது. அதுவரை பெரும்பாலும் திரைக்குப் பின்னாலிருந்து வந்த சத்தம், பக்கவாட்டிலும் பின்புறமும் இருந்து வரத் தொடங்கியது. ஒரு பழைய கொட்டகையின் ஒற்றை ஸ்பீக்கரில் இசையும் வசனமும் இடத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. வசனம் வந்தால் இசை ஒதுங்கவேண்டும். இப்போது இரண்டும் ஒரே நேரத்தில் உரக்க இருக்க முடிந்தது. பல இயக்குநர்கள் அந்த வசதியைக் கொஞ்சம் தாராளமாகவே எடுத்துக்கொண்டார்கள்.

ஆர்.ஆர். கலையின் உச்சச் சோதனை ஒன்று பாட்டுகளின் மேல் நடந்தது. கமல்ஹாசனின் ‘ஹே ராம்’ (2000) படத்துக்கு முதலில் இசையமைத்தவர் வயலின் மேதை எல். சுப்பிரமணியம். பாடல் காட்சிகளும் அந்தப் பாட்டுகளுக்கே எடுக்கப்பட்டுவிட்டன. பிறகு இசையமைப்பாளர் மாறினார். செலவழித்து எடுத்த காட்சிகளைத் தூக்கி எறிய முடியாது. நடிகர்களின் உதட்டசைவு ஏற்கெனவே திரையில் இருக்கிறது. அதே அசைவுக்கு, அதே நீளத்துக்கு, வேறு மெட்டும் வேறு சொற்களும் வேண்டும். திரையைப் பார்த்து வாசிக்கப் பழகிய இளையராஜா, திரையைப் பார்த்துப் பாட்டையே எழுதினார். பின்னணி இசையைப் புடாபெஸ்ட்டில் ஹங்கேரி இசைக்குழுவைக் கொண்டு பதிவு செய்தார்கள். படம் பார்ப்பவருக்கு இந்த ஒட்டுப்போடல் தெரியவே தெரியாது.

அரசாங்கத்துக்கும் ஒரு வழியாகக் காது கேட்டது. 2009-ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் பாடல்களுக்கும் பின்னணி இசைக்கும் தனித்தனி விருது. பின்னணி இசைக்கானதை மலையாளப் ‘பழசிராஜா’வுக்காக இளையராஜா பெற்றார். கரகாட்டக்காரர்களையும் தப்பாட்டக் கலைஞர்களையும் பற்றிய ‘தாரை தப்பட்டை’ அவருடைய ஆயிரமாவது படமாக 2016-இல் வந்து, அதே விருதை மறுபடி பெற்றுத் தந்தது. ‘சூரரைப் போற்று’ படத்துக்காக ஜி.வி. பிரகாஷ்குமாருக்கும், ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகத்துக்காக ரகுமானுக்கும் பின்னர் இந்த விருது வந்தது.

விருதுக் கமிட்டிகள் கண்டுகொள்ளாத இன்னொரு கிளையும் உண்டு. 1992-இல் ‘அண்ணாமலை’ தொடங்கும்போது, திரையில் புள்ளி புள்ளியாக ‘சூப்பர் ஸ்டார்’ என்ற எழுத்துகள் வந்தன. அதற்குத் தேவா போட்ட சில நொடி இசை முப்பது ஆண்டுகள் தாண்டியும் ஓடிக்கொண்டிருக்கிறது. கதை தொடங்கவில்லை, நாயகன் வரவில்லை. கொட்டகை எழுந்து நிற்கிறது. துணித்திரைக்குப் பின்னால் துரியோதனன் நிற்கும்போது மேளம் செய்த அதே வேலை. அந்த ஒரு துண்டு இசையிலிருந்து கிளம்பிய பாதை யுவன் சங்கர் ராஜாவின் ‘மங்காத்தா’ (2011) வழியாக அனிருத்தின் ‘விக்ரம்’ (2022), ‘ஜெயிலர்’ (2023) வரை வந்திருக்கிறது. நாயகனின் நடையை வெறுமனே எடுத்துவிட்டு, அதில் எத்தனை விசில் இருக்கிறது என்பதை ஆர்.ஆரில் பார்த்துக்கொள்ளலாம் என்ற அளவுக்கு.

சின்னத்திரையில் கணக்கு வேறு. தினமும் ஒரு அத்தியாயம் போயாக வேண்டிய இடத்தில் ரீலைப் பார்த்து எழுத யாருக்கு நேரம்? மாமியார் திரும்பிப் பார்ப்பதற்கு ஒரு இடி, மருமகள் கண் கலங்குவதற்கு ஒரு ஹம்மிங், சதித் திட்டத்துக்கு ஒரு உறுமல் என்று சில துண்டுகளைச் செய்துவைத்துக்கொண்டு, எடிட்டிங் மேசையிலேயே ஒட்டிவிடுகிறார்கள். ஒரே முகத்தை மூன்று முறை காட்டினால் மூன்று இடி. சமையலறையில் வேலையாக இருப்பவருக்கு இது மிகவும் வசதி. குக்கர் விசிலுக்கு நடுவிலும், கூடத்தில் யார் அழுகிறார்கள், யார் சூழ்ச்சி செய்கிறார்கள் என்பது காதில் விழுந்துவிடும். ஒலிச்சித்திரத்தைக் கேட்ட வீடுகள்தானே.

2013-இல் மிஷ்கினின் ‘ஓநாயும் ஆட்டுக்குட்டியும்’ வந்தது. சென்னையின் இரவில் ஓடிக்கொண்டே இருக்கும் கதை. பேச்சு குறைவு, பாட்டு இல்லை. முகப்பு எழுத்துகளில் இளையராஜாவின் பெயருக்கு மேல் ‘பின்னணி இசை’ என்று போடாமல் ‘முன்னணி இசை’ என்று போட்டார் இயக்குநர். பின்னணி இசையே தனித்தொகுப்பாகவும் வெளிவந்தது. சரஸ்வதி ஸ்டோர்ஸ் ஆர்கெஸ்ட்ரா விற்க முடியாமல் போன சரக்கு, ஐம்பத்தொன்பது ஆண்டுகள் கழித்துக் கடைக்கு வந்தது.

இன்று படம் ரீலாக வருவதில்லை, பைலாக வருகிறது. இசையமைப்பாளர் கணினித் திரையில் காட்சியை ஓடவிட்டுக் கீபோர்டில் வாசித்துப் பார்க்கிறார். வயலின்காரர் வரும்போது அவருக்குக் காதில் மாட்ட ஹெட்போனும், அதில் டிக் டிக் என்று தாளம் காட்டும் கிளிக் ஒலியும் கிடைக்கின்றன. எதிரே திரை இருப்பதில்லை. தான் வாசித்தது அழுகைக்கா, சண்டைக்கா என்பதைப் படம் வெளியான பிறகு தியேட்டரில் உட்கார்ந்து தெரிந்துகொள்கிறவர்கள் உண்டு.

திருவிழா மாதங்களில் புதுக்கோட்டைப் பக்கம் இப்போதும் ஸ்பெஷல் நாடகம் விடிய விடிய நடக்கிறது. மேடை ஓரத்தில் ஆல்ரவுண்ட்காரர் டிரம்முக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். பபூன் எப்போது விழுவான் என்று அவருக்கு யாரும் சொல்லிவைக்கவில்லை. கையில் குச்சியோடு, அவன் காலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.